மூன்றேகாலுக்குச் சாகிறவர்கள்

ஜூலைக் கடைசி சனிக்கிழமை.
நயாகரா ஆற்றின் கனடாக் கரையில்
சாவுப் பட்டியலோடு நிற்கிறாள் மெர்ல் ஹாஸ்லிப்.
முதல் வேட்டில் யார் விழுவது,
முழங்கால் வலிக்காரர் யார், நிழலில் சாக வேண்டியவர் யார்,
எல்லாம் அந்த அட்டையில் இருக்கிறது.

இந்த வருடமும் சிவப்புச் சட்டைக்கு ஆள் பற்றவில்லை.
பஃபலோவிலிருந்து பாலம் கடந்து வந்த
காசிமிர் வோய்டாஸுக்கு மாட்டிவிட்டார்கள்.
முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
"வந்த காரியம்?" என்றார்களாம் எல்லைச் சாவடியில்.
"ஆங்கிலேயனாகச் சாக" என்றாராம்.
கையசைத்து விட்டுவிட்டார்கள்.

மூன்றேகாலுக்கு விழுந்தார்,
நிதானமாக, கையை ஊன்றி,
வாத்து எச்சமில்லாத புல்லாகப் பார்த்து.
பக்கத்தில் நீலச் சட்டையில் செத்துக் கிடந்தவன்
கனடாக்காரன், பல் மருத்துவன்.

"வாஷிங்டனில் உங்கள் அதிபர் மாளிகையைக் கொளுத்தியது நாங்கள்"
என்றான் வானத்தைப் பார்த்தபடி.
"அன்றைக்கு உங்களுக்கு நாடே கிடையாது."
"இருந்தும் விரட்டினோம் நாங்கள்."
"ஒரு பேரரசை இரண்டாவது முறை எதிர்த்து நின்றோம் நாங்கள்."
"அப்புறம் ஏன் எல்லைக்கோடு ஓரடிகூட நகரவில்லை?"
"உங்கள் பக்கமும்தான் நகரவில்லை."
கொசு கடித்தது. பிணங்கள் சொறிந்துகொண்டன.
தூரத்திலிருந்து அட்டையை ஆட்டி அதட்டினாள் மெர்ல்.

கயிற்றுக்கு இப்பால் லிங்கன்ஷயரின் ஃபிலிப்பா தார்ன்லி,
அருவி பார்க்க வந்தவள்,
கழிப்பறை தேடி இங்கே வந்து சேர்ந்தவள்.
"எந்தப் போர் இது?"
சொன்னார்கள்.
"அந்த வருடங்களில் எங்களுக்கு நெப்போலியனோடு வேலை"
என்றாள், பால்காரருக்குப் பாக்கி வைத்ததை
மறந்துபோனவளின் குரலில்.
பிறகு அப்படியே நின்றுவிட்டாள்.
அவள் ஊர்த் தேவாலயச் சுவரில்,
ஞாயிறுதோறும் அவள் பூ வைக்கும் ஜாடிக்கு நேர்மேலே,
ஒரு பளிங்குப் பலகை.
பத்தொன்பது வயது. 'அமெரிக்காவில் இறந்தான்.'
ஏதோ காய்ச்சல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாளாம்.
"இது அமெரிக்காவா?"
"கனடா" என்றாள் மெர்ல், சற்றுக் கூர்மையாக.

உண்மையில் சண்டை நடந்தது இரவில்.
சுற்றுலாப் பேருந்துகளுக்காகப் பகலுக்கு மாற்றியிருக்கிறார்கள்.
அந்த இருட்டில் "யாரங்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் சுட்டார்கள்.
இரு பக்கமிருந்தும் ஒரே மொழியில் பதில் வந்தது.
"நாங்கள்தான்" என்றது ஒரு புதர்.
"நாங்கள்தான்" என்றது எதிர்ப்புதர்.

வண்டிகள் நிற்குமிடத்தில்
டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து
சோளம் கடித்துக்கொண்டிருந்தார் வெண்டல் மராக்கிள்.
மொஹாக். மெர்ல் வருடாவருடம் அழைக்கிறாள்,
இவர் வருடாவருடம் சாக மறுக்கிறார்.
"ரெண்டு பக்கமும் எங்க ஆட்கள்.
அந்த மாசம் ஆரம்பத்திலேயே ஒரு காட்டுக்குள்
உறவுக்காரனை உறவுக்காரன் கொன்னாச்சு.
அப்புறம் நிறையப் பேர் பேசி முடிவெடுத்து
வீட்டுக்குப் போயிட்டாங்க.
நான் அவங்களா நடிக்கிறேன்."
ஒரு வரிசைச் சோளத்தைத் தின்று முடித்துச் சொன்னார்:
"இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைதான்.
கேட்கிறவனை உள்ளே சேர்த்தாலும் அதுதான்,
வெளியே நிறுத்தினாலும் அதுதான்.
எங்க மொழியில ரெண்டு உண்டு.
வாயைத் திறக்கும்போதே முடிவு பண்ணியாகணும்."

எங்கள் மொழியிலும் அப்படித்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
நானும் இவரும் சேர்ந்தால் எந்தச் சொல்?
கேட்டுக்கொள்ளாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஊதுகொம்பு ஒலித்தது. செத்தவர்கள் எழுந்தார்கள்.
காசிமிருக்கு எழ முடியவில்லை.
பல் மருத்துவன் கை கொடுத்தான்.
இழுபட்டு நின்றவர், முட்டியில் புல்லைத் தட்டியபடி,
பியர் குடிக்கப் போகலாமா என்று கேட்டார்.
அதைத் தமிழில் எழுதுகிற எனக்கு வேறு வழியில்லை.
'நாம்' என்றே எழுதினேன்.

மெர்ல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.
சிவப்புச் சட்டை விழுந்த இடத்தையே
பார்த்துக்கொண்டிருந்தாள் ஃபிலிப்பா.
கழிப்பறை எங்கே என்று அவள் இன்னும் கேட்கவில்லை.